கழுத்துள்ள குடம்

ஞானேஸ்வரன் கடம் வாசிக்கிறவன். கடம் என்றால் மண்பானை. இந்த இரண்டாவது வசனத்தை ஊர் உலகத்துக்கு விளங்கப்படுத்தியே அவனுடைய ஆயுளில் பாதி போய்விட்டது. வயலின்காரனைப் பார்த்து, 'உது என்ன, விறகோ?' என்று யாரும் கேட்பதில்லை. கடக்காரனைக் கேட்பார்கள். கல்யாண மண்டபத்தில் அவன் உடைமாற்றிக்கொண்டு வருவதற்குள் யாராவது ஒரு மாமி அதைக் குசினிப் பக்கம் கொண்டுபோய் வைத்திருப்பாள். ஒருமுறை ஹீத்ரோவில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து, சுற்றியிருந்த துணியை விலக்கி, பானையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். இது யாருடையது என்று தணிந்த குரலில் கேட்டார். என்னுடையது என்றான் ஞானேஸ்வரன். அவர் குழம்பிப்போய், இல்லை, உள்ளே இருப்பது தகப்பனா தாயா என்று கேட்டபோதுதான், மனிதர் அதை அஸ்திக் கலசம் என்று நினைத்துவிட்டார் என்பது இவனுக்கு விளங்கியது. எடுத்துச் சொல்ல அப்போது ஆங்கிலம் போதாது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நன்றி சொன்னான். வரிசையில் எல்லாருக்கும் முன்னால் அவனை வெளியே விட்டார்கள்.

இந்தக் கதையைப் போகிற மேடையெல்லாம் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருக்கிறான். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு சொல்லவில்லை.

அவன் குடியிருந்தது அப்டன் பார்க்கில், ஒரு சாறிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில். வேலை பெற்றோல் நிலையத்தில், காலை ஷிப்ட். ஐம்பது வயது தாண்டியும் கலியாணம் இல்லை. அறையில் இருந்த ஒரே மெத்தைக் கதிரை கடத்துக்கு. அவன் கட்டில் ஓரத்தில் குந்துவான். பனிக்காலத்தில் ஹீட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கடமே முடிவுசெய்தது. காரில் போனால் அதற்கு சீற் பெல்ற் போடுவான், தனக்குப் போட மறந்துவிடுவான். அவனோடு மிருதங்கம் வாசிக்கிற றமணன், ஜெர்மனியிலிருந்து அவனோடு சேர்ந்து லண்டனுக்கு வந்தவன், பகலில் பிளம்பர். அவன் சொல்லுவான்: "எங்களுக்கெல்லாம் மனிசி சமைச்ச சட்டிதான் வீட்டிலை கிடக்கு. இவன் சட்டியையே கட்டிப்போட்டான்."

கட்டினவன்தான் என்று ஞானேஸ்வரனும் ஒத்துக்கொள்வான். மடியில் வைத்து, வாயைத் தன் வயிற்றோடு அணைத்து வாசிக்கிற வாத்தியம் வேறு எது இருக்கிறது? அவன் சாப்பிட்டிருந்தால் ஒரு நாதம், பட்டினி கிடந்தால் இன்னொரு நாதம். மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி கூட்டலாம், வயலினை முறுக்கிக் கூட்டலாம். கடம் சூளையில் எந்தச் சுருதியோடு வெந்ததோ அதுதான் கடைசிவரைக்கும். பாடகர் சுருதி மாற்றினால் கடக்காரன் எழும்பிப் போகவேண்டியதுதான். பிடிவாதத்தில் தனக்கும் அதற்கும் பத்துப் பொருத்தம் என்பான்.

அந்தக் கடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. கழுத்துக்குக் கீழே, இடது தோளில், ஒரு தலைமயிர் அளவு. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அதை உண்டாக்கியது அவனுடைய அண்ணன் சச்சிதானந்தன். மானாமதுரையில் இருந்து கொண்டுவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டோர்ட்மன்டில் ஒரு மண்டபத்துப் படிகளில், நீ மேல்துண்டு கட்டு, நான் கொண்டுவாறன் என்று ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்து, கைப்பிடிக் கம்பியில் இடித்துவிட்டான். அன்றைக்கு அண்ணன் பேயறைந்தவன் போல இருந்தான். அன்று கச்சேரியில் இடது மோதிரவிரல் அந்த இடத்துக்குப் போகிற நேரமெல்லாம் தூக்கிக்கொண்டது. விரல் விழவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தை மறைப்பதற்காக முன்னும் பின்னும் தாளச் சொற்களை மாற்றினான். மாற்றி மாற்றி, வருடக்கணக்கில் அதுவே ஒரு வாசிப்பாகிவிட்டது. லண்டனில் ஒரு விழா மலரில் எவரோ ஒருவர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்: ஞானேஸ்வரன் அடிக்காத அடிதான் காதில் நிற்கிறது, இப்படி ஒரு கற்பனை எங்கிருந்து வந்ததோ என்று. அண்ணன் அதை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "கம்பியிலை இருந்து வந்தது எண்டு எழுதச் சொல்லு. உன்ரை பாணிக்கு நான்தானேடா குரு" என்றான். அண்ணனும் தம்பியும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

அண்ணன் இரண்டாயிரத்து ஆறில், கோலியர்ஸ் வுட்டில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, அம்மாவைக் கூட்டிவர என்று வன்னிக்குப் போனான். போன கையோடு சண்டை மூண்டு பாதை பூட்டிக்கொண்டது. அம்மா மறு வருடம் நோயில் செத்துப்போனா. அண்ணனால் அப்போதும் வெளியே வர முடியவில்லை. பிறகு நடந்ததை லண்டனில் எல்லாரும் போல அவர்களும் தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்றார்கள். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் அண்ணன் கடைசியாகக் கதைத்தான். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். முகாம்களில் பெயர் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆவணியில் ஒரு மனிதர், அண்ணனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர், முகாமிலிருந்து விடுபட்டு வவுனியாவிலிருந்து ஞானேஸ்வரனுக்கு அழைத்தார். தன் கையாலேயே மண் போட்டு மூடியதாகச் சொன்னார். நெற்றியில் கண்ணாடி இருந்ததாம். கழற்றவில்லையாம். அந்த ஒரு விவரத்துக்குப் பிறகு ஞானேஸ்வரன் வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணி நகுலேஸ்வரி அதை நம்பவில்லை. ஆமிக்காரன் ஷெல்லடிக்கிற நேரத்தில் ஆருக்கு ஆரைத் தெரியும், அந்தாள் வேறு யாரையோ மூடியிருப்பார் என்றாள். கண்ணாடியை நெற்றியில் போடுகிறவர் வன்னி முழுக்க இவர் ஒருவரா என்று கேட்டாள். கேள்வியில் பிழையில்லை. அவள் பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் குளியலறையிலிருந்தும் ஓடிவந்தாள். துஷ்யா, பதினேழு வயது மகள், ஒருநாள் சித்தப்பனைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள்: "சித்தப்பா, அம்மா இன்னும் அப்பாட நம்பருக்கு டாப்-அப் போடுறா. எவ்ரி வீக். வெளியிலை வந்த உடனே கோல் எடுக்கக் காசு வேணுமாம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் வேறு எதுவாகவோ மாறியது.

ஞானேஸ்வரனுக்கு வந்த வியாதி வேறு. அவனுக்குத் தீர்மானம் வராமல் போய்விட்டது. தாள வாத்தியக்காரர்களுக்குத் தீர்மானம் என்றால், ஓடிக்கொண்டே வந்த வாசிப்பை ஒரு கோர்வையில் கட்டி, அதை மூன்று தரம் வாசித்து, சரியான இடத்தில் கொண்டுவந்து இறக்குவது. அந்த இறக்கத்தில்தான் சபை தலையாட்டும். வைகாசிக்குப் பிறகு அவன் கடத்தை மடியில் வைத்தால் கை ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இறங்க மாட்டேன் என்றது. ஒரு கோர்வை பாதியில் இன்னொன்றாகும். அது மூன்றாம் தரத்துக்கு வரமுன் கலைந்துவிடும். ஆவணியில் அந்த அழைப்பு வந்தபிறகு கை ஓடவும் இல்லை. கடத்தை மெத்தைக் கதிரையில் வைத்து, எதிரே குந்தியிருந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைத்தியரிடம் போகலாமா என்று யோசித்தான். பானை பேசுகிறதில்லை என்று முறையிட்டால் கடத்தை அல்ல, தன்னைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டான்.

புரட்டாதி அமாவாசைக்குக் கருமம் செய்யலாம் என்று சொன்னவர் குருக்கள். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதற்கு எல்லாக் கிரியையும் செய்து எரிப்பது முறை என்றார். அந்த வருடம் லண்டனில் அப்படிப் பல வீடுகளில் செய்தார் அவர். அண்ணி மறுப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் சொன்னாள்:

"செய்யுங்கோ. ஆனா ஒண்டும் குறைக்காமச் செய்யவேணும், தம்பி. கொள்ளிக்குடம் உடைக்கிற சத்தம் என்ரை காதிலை விழவேணும். அது கேட்டால் நான் நம்புவன்."

ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கொள்ளி வைக்கிறவன் குடத்தைத் தோளில் சுமந்து மூன்று சுற்றுச் சுற்றிப் பின்பக்கமாகப் போட்டு உடைப்பது ஆண்கள் மட்டும் கேட்கிற சத்தம். தன்னுடைய தகப்பனுக்கும் தமையனுக்கும் அவள் அதைக் கேட்டதில்லை. வீட்டில் இருந்துகொண்டு, இப்போது உடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டதுதான். மகன் இல்லாத வீட்டில் குடம் சுமக்கிறவன் தம்பி, ஆகவே ஞானேஸ்வரன். குருக்கள் சொன்ன சாமான்களில் மற்றதெல்லாம் இலகுவாகக் கிடைத்தன. புது மண்குடம் ஒன்று கிடைக்கவில்லை.

பொங்கல் நேரத்தில் அப்டன் பார்க் கடைகளில் கால்வைக்க இடமில்லாமல் பானையாகக் கிடக்கும். புரட்டாதியில் ஒன்றும் இல்லை. சில்வர் குடம் இருக்கிறது, கலியாணத்துக்குக் கொடுக்கிற பித்தளைக் குடம் இருக்கிறது. இரண்டும் விழுந்தால் நெளியும், உடையாது. ஒரு கடைக்காரர் பூச்சாடியைக் காட்டினார். அடியில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது அண்ணை, ஐயருக்கு வேலை மிச்சம் என்றார். றமணன் தன் வானில் ஞானேஸ்வரனை ஏற்றிக்கொண்டு ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் போனான். அங்கே ஒரு கடையில் தூசு படிந்து ஒரு மண்சட்டி இருந்தது. மீன்குழம்புச் சட்டி, பெரிய வாய். ஞானேஸ்வரன் அதைத் தடவு தடவென்று தடவி, நல்ல சட்டி, இது போதும் என்றான். எதற்கும் கேட்டுவிடலாம் என்று குருக்களுக்கு அழைத்தார்கள். குருக்கள் ஸ்பீக்கரில் சொன்னார்:

"சட்டி குடமாகாது. குடம் எண்டால் கழுத்திருக்கவேணும்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வானில் ஏறி, முன்கண்ணாடியூடாக வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கழுத்துள்ள ஒரு மண்குடம் லண்டனில் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மெத்தைக் கதிரையில் இருக்கிறது. றமணன் ரேடியோவைப் போட்டான், நிறுத்தினான். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் போல, "அது விசேஷமான மண், மச்சான். அது வேறை" என்றான். ஓம், அது வேறை என்றான் ஞானேஸ்வரன். தன் சிநேகிதனை அன்றைக்குப் போல அவன் என்றைக்கும் விரும்பியதில்லை.

குடம் கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் போய்ச் சொன்னபோது அவள் முகம் தெளிந்ததை அவன் கண்டான். பரவாயில்லை தம்பி, ஏன் அவதிப்படுவான், அடுத்த அமாவாசைக்கு வைப்பம் என்றாள். எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டாள். குசினியில் கோப்பை ஒலித்த விதத்திலேயே ஒரு நிம்மதி இருந்தது. அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அடுத்த அமாவாசை, அதற்கடுத்தது. மாதம் ஒன்று வருகிறது, தட்டுப்பாடு இல்லை. தைப்பொங்கல் வர எப்படியும் பானை வந்துவிடும். அதற்குள் அவளுக்கு வேறு ஏதாவது சாட்டுக் கிடைத்துவிடும். கோப்பையை அவன் கையில் கொடுக்கும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. தெரியாத நம்பர். கோப்பை கைமாறி முடியுமுன்னரே அவள் விட்டுவிட்டு ஓடினாள். அது ஏதோ இன்சூரன்ஸ் விற்கிறவன். அவனிடம் அவள், தயவுசெய்து சொல்லுங்கள், யார் நம்பர் தந்தது, அவர் உங்களோடு நிற்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். துஷ்யா தரையில் சிந்தின தேநீரைத் துடைத்தாள். நிமிராமல் துடைத்தாள்.

"குடம் கிடைச்சிட்டுது எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்றான் ஞானேஸ்வரன்.

அமாவாசையன்று காலை கடத்தை மடியில் வைத்து, ஒரு தீர்மானம், ஒரே ஒன்று வாசித்துவிட்டுக் கொண்டுபோகலாம் என்று பார்த்தான். வரவில்லை. கெஞ்சிப் பார்த்தான். நாளைக்கு நவராத்திரி தொடங்குகிறது, கோயில் நோட்டீஸில் என்னுடைய பெயருக்கு நேரே உன்னைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஆசை காட்டிப் பார்த்தான். செத்தவீட்டுத் துடக்குக்காரனைக் கோயிலில் ஏற்றமாட்டார்கள் என்பது கடத்துக்கும் தெரிந்திருக்கும். அது வாய் திறக்கவில்லை. கடைசியில் துணியைச் சுற்றாமலே தூக்கிக்கொண்டு படியிறங்கினான். வானில் ஏற்றி, பழக்கதோஷத்தில் சீற் பெல்ற்றைப் போட்டுவிட்டான். போட்டபிறகு கழற்ற மனம் வரவில்லை. றமணன் இதைப் பார்த்தும் பார்க்காதவன் போல ஸ்ரியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கோலியர்ஸ் வுட் வீட்டின் பின்வளவு ஒரு சின்னப் புல்தரை. இரவு பெய்த மழையில் ஊறிக் கிடந்தது. நடுவே, துஷ்யாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பார்பிக்யூத் தட்டில், அண்ணன் கிடந்தான். இரண்டு சாண் நீளத்தில், தர்ப்பையால் கட்டிய தலை, கை, கால். அண்ணி ஒரு சின்ன வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நல்ல வெயில், பார்பிக்யூவுக்கு ஏற்ற நாள் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பான் என்று ஞானேஸ்வரனுக்குத் தோன்றியது.

குருக்கள் கடத்தைக் கண்டார், அவனையும் கண்டார். அவரும் கோயில் கச்சேரிகளில் முன்வரிசையில் இருந்து தாளம் போடுகிறவர். ஏதோ சொல்ல வாயெடுத்து, மந்திரத்துக்குப் போய்விட்டார். கடத்தில் தண்ணீர் நிரப்பி, வாயில் மாவிலை வைத்து, அவனுடைய இடது தோளில் தூக்கி வைத்தார்கள். பதினைந்து வருடமாக மடியில் இருந்தது தோளில் ஏறியபோது அவனுக்கு அதன் பாரம் புதிதாக இருந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் கத்திமுனையால் குடத்தில் ஒரு துளை போடவேண்டும். முதல் சுற்றில் குருக்கள் குத்தினார். 'டொக்' என்றது, ஓட்டை விழவில்லை. சாதாரணக் குடம் இரண்டாவது குத்துக்குப் பொத்துக்கொள்ளும். கடத்து மண்ணில் இரும்பும் பித்தளையும் பொடியாகக் கலந்திருக்கிறது, தட்டு வாங்குவதற்கென்றே பிறந்த பானை. மூன்றாவது குத்தில் கத்தியின் முனை வளைந்தது. றமணன் தயங்கித் தயங்கி, வானில் சுவர் துளைக்கிற மெசின் இருக்கிறது என்றான். அபரக்கிரியையில் கரண்ட் பாவிக்கிறதில்லை என்று குருக்கள் மறுத்துவிட்டார். பாவனையாகத் தொட்டுக்கொண்டால் போதும் என்று கத்தியால் தொட்டு, ஒரு கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு வார்த்துக்கொண்டே சுற்றிவந்தார். குளிர்ந்த தண்ணீர் ஞானேஸ்வரனின் முதுகில் வழிந்தது. கடம் கொஞ்சம் கொஞ்சமாக வெறுமையாக, மாவிலை உரசுகிற சத்தம்கூட அதன் பழைய சுருதிக்கு ஏறிவருவதை அவனுடைய காது கேட்டுக்கொண்டே இருந்தது. காதை அடைக்க வழியில்லை. ஒரு கை கடத்தில், ஒரு கை கொள்ளிக்கட்டையில்.

மூன்றாவது சுற்று முடிந்தது. தட்டுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார்கள். பின்னுக்குப் போடுங்கோ, திரும்பிப் பாராதேங்கோ என்றார் குருக்கள். ஞானேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான்.

'தொப்' என்று ஒரு சத்தம். ஈரப் புல்லில் தலையணை விழுந்தாற்போல. பிறகு எதுவோ உருண்டது. பிறகு ஒன்றுமில்லை.

திரும்பக்கூடாது என்பதால் அவன் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தான். குருக்களின் வாய் மந்திரத்தின் நடுவில் நின்றிருந்தது. றமணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். குசினிக் கதவடியில் துஷ்யாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. அவ்வளவு பயங்கரமான வெளிச்சத்தை அவன் அதற்குமுன் கண்டதில்லை.

"உடையேல்லை" என்றாள் அவள். "பாத்தீங்களோ, உடையேல்லை. அவர் இருக்கிறார்."

"அண்ணி, அது புல்லு..."

"அவர் இருக்கிறார் தம்பி. ஐயா, உதைக் கொளுத்தாதேங்கோ. அவர் இருக்கிறார்."

குருக்கள் அவனைப் பார்த்தார். குடம் உடையாமல் கொள்ளி வைக்க முடியாது. துஷ்யா, அம்மா பிளீஸ், அம்மா பிளீஸ் என்று தாயின் சட்டைக்கையை இழுத்தாள். அண்ணிக்குக் கேட்கவில்லை. பார்பிக்யூத் தட்டை நோக்கி நடந்துவந்து, போர்த்தியிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள், இனி அது தேவைப்படாது என்பது போல.

ஞானேஸ்வரன் திரும்பினான். முறை பிழைத்தது பிழைத்ததுதான். கடம் வேலியடியில் சேறு பூசிக்கொண்டு கிடந்தது. அதைக் கண்டதும் அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட, ஒரு கணச் சந்தோஷம். தப்பிவிட்டது. அண்ணனும் இப்படித்தான் எங்காவது சேற்றோடு, உருண்டபடி, உடையாமல் கிடக்கக்கூடாதா? அந்தாள் வேறு யாரையோ மூடியிருக்கக்கூடாதா? அவனும் அந்த வெளிச்சத்துக்குள் ஒரு காலை வைத்துவிட்டான். போய்த் தூக்கினான். சேற்றைத் துடைத்தான். இடது மோதிரவிரல், கேட்காமலே, தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனது.

அந்தத் தலைமயிர் வெடிப்பு நீண்டிருந்தது. தோளில் இருந்து வயிறு வரைக்கும், ஒரு விரல் நீளத்துக்கு மேல். விழுந்ததில் அது உள்ளுக்குள் உடைந்துதான் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியாது, குருக்களுக்குத் தெரியாது. உலகத்தில் அந்த ஒரு விரலுக்கு மட்டும் தெரியும்.

இப்படியே துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதையும் தவிர்த்து வாசிக்கப் பழகலாம். அவனுக்கு அது கைவந்த வேலை. அண்ணியும் பழகுவாள். கிழமைக்கு ஒரு டாப்-அப். துஷ்யா தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அவன் குசினிப் படியில் போய் உட்கார்ந்தான். கடம் தானாகவே மடிக்கு வந்தது. ஈர வேட்டி, வெறும் வயிறு. விரதம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அது வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. ஞானேஸ்வரன் ஒன்றும் யோசிக்கவில்லை என்றுதான் பிற்பாடு றமணனுக்குச் சொன்னான். கை ஓடத் தொடங்கியது. நாலு மாதமாக வராதது, கெஞ்சியும் வராதது, சேற்றோடு, வெயிலில், அண்ணனுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. சின்னக் கோர்வை. அதன் முடிவில் மோதிரவிரல் விழவேண்டிய இடம். விரல் தூக்கிக்கொண்டது, அங்கே அந்தப் பழைய மௌனம். ஒரு தரம். மறுபடி அதே கோர்வை, அதே இடம், அதே மௌனம். இரண்டு தரம். றமணனின் கை தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு எண்ணிக்கை தெரியும், எங்கே இறங்கும் என்று தெரியும். "மச்சான்" என்றான், மிக மெதுவாக.

மூன்றாம் தரம் அந்த இடம் வந்தபோது ஞானேஸ்வரன் விரலைத் தூக்கவில்லை. முழு உள்ளங்கையையும், தோளிலிருந்து வந்த பலத்தோடு, அந்த இடத்தில் இறக்கினான்.

அது ஒரு முழு நாதமாகத்தான் தொடங்கியது. இந்தக் கடத்துக்குள் அப்படி ஒரு சொல் இருந்தது என்று அவனுக்கே தெரியாது. பிறகு அது நாலாகப் பிளந்து, மடியிலும் படியிலும் சிமெந்துத் தரையிலும் சிதறி விழுந்தது. கழுத்து மட்டும் வளையம் போல முழுசாக உருண்டுபோய், பார்பிக்யூவின் காலில் முட்டி நின்றது. வேலிக்கு அப்பால் வெள்ளைக்காரர் எல்லாம் சரிதானா என்று கேட்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். துஷ்யா கேட்டிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். றமணன் கேட்டிருந்தான், வேலிப் பக்கம் திரும்பி நின்றான். சத்தம் காதில் விழவேண்டும் என்று கேட்டவள் மட்டும், மடித்த வெள்ளைத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். குருக்களும் காத்திருந்தார்.

நகுலேஸ்வரி மெல்ல மெல்லக் கையை எடுத்தாள். கண்ணைத் திறந்தாள். ஓடுகளைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். வவுனியாவிலிருந்து அந்த மனிதர் சொன்னதை அவன் அவளுக்குச் சொன்ன நாளில்கூட, 'சொல்லுறாங்கள் அண்ணி', 'ஒருவர் சொன்னார் அண்ணி' என்றுதான் சொல்லியிருந்தான். தன் வாயால் ஒருமுறையும் சொல்லவில்லை.

"உடைஞ்சிட்டுதோ, தம்பி?"

அவன் வெறும் மடியைப் பார்த்தான். இப்போது ஒரு பகிடி வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். வரவில்லை.

"ஓம் அண்ணி" என்றான். "உடைஞ்சிட்டுது."